ஸ்டேபிள் சிங்கர்ஸ் குடும்பம் காஸ்பெல் பாடுவதை விட்டுவிட்டதா?

கேள்வி – தாழ்ந்தசுருதி

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் தற்செயலாக 'ஐ வில் டேக் யூ தேர்' காதில் விழுந்தது. அன்றிலிருந்து வேறு எந்தப் பாட்டும் மனசில் ஒட்டவில்லை. பாடியது ஸ்டேபிள் சிங்கர்ஸ், ஒரு அப்பாவும் அவருடைய பிள்ளைகளும் என்று தெரிந்ததும் பழைய பதிவுகளைத் தேடிப் போனேன். 1956-இல் பதிவான 'அன்கிளவுடி டே' கிடைத்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்று நம்பவே முடியவில்லை. முதல் பாட்டில் கால் தானாகத் தாளம் போடுகிறது. இரண்டாவதைக் கேட்டபோது உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியவில்லை.

நான் ஆலயத்தில் பாடகர் குழுவில் பாடுகிறேன். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நல்ல காஸ்பெல் குடும்பமாக இருந்து, காசுக்காக உலகப் பாட்டுக்குப் போனவர்கள்" என்று சொல்லிவிட்டார். காஸ்பெல் என்றால் அமெரிக்கக் கறுப்பின ஆலயங்களின் பக்திப் பாட்டு, உலகப் பாட்டு என்று அவர் சொல்வது பக்தி சாராத பாட்டை. கேட்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் பதில் சொல்ல எனக்கு விவரம் போதவில்லை. அவர் சொல்வது சரியா? அப்படியென்றால் எப்போது, எந்தப் பாட்டோடு விட்டார்கள்? எந்த வரிசையில் கேட்டால் இது புரியும்?

இன்னொன்று. 'அன்கிளவுடி டே'யில் அடியாழத்தில் ஒரு கனத்த குரல் வருகிறதே, அது அப்பாவுடையதுதானே?

பதில் – நேரடிக்கருத்து

உங்கள் மூத்தவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1968-இல் மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். அது சோல் இசைக்கான இடம், அதாவது காஸ்பெல் பாணியில் பாடும் பக்தி சாராத கறுப்பின இசை. நீங்கள் முதலில் கேட்ட பாட்டு 1972 ஜூனில் அமெரிக்கப் பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1975 கடைசியில் ஒரு சினிமாவுக்காகப் பாடிய 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்' மறுபடி முதலிடம். அது சுத்தமான காதல் பாட்டு, கடவுள் பெயரே கிடையாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. ஆனால் காஸ்பெல் என்று அதைச் சொல்ல முடியாது. கோடு எங்கே என்று கேட்டால் 1968 என்பேன்.

பதில் – பழையகிட்டார்

தம்பி, முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு. அது அப்பாவின் குரல் இல்லை, மேவிஸின் குரல். குழுவில் பாடிய பிள்ளைகள் நான்கு பேரில் கடைக்குட்டி. 1939-இல் பிறந்தவர், அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். அப்போதும் உங்களைப் போலத்தான் ஊர் ஊராக ஏமாந்தார்கள். வானொலியில் கேட்டுவிட்டு ஆலயத்துக்கு வந்தவர்கள், மேடையில் நிற்கும் இந்தச் சின்ன உருவமா அப்படிப் பாடியது என்று பந்தயம் கட்டியதாக மேவிஸ் பல முறை சொல்லியிருக்கிறார்.

இனி பெரிய கேள்வி. இருபது வருடமாக இந்தக் குடும்பத்தின் பதிவுகளைக் கேட்கிறேன், ஆலயத்தில் கிட்டார் வாசிக்கிறேன். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் காஸ்பெலை விடவில்லை. ஸ்டாக்ஸ் வருடங்களில் காணாமல் போனது அப்பாவின் கிட்டார். உங்கள் மூத்தவருக்கு ஏதோ போய்விட்டது என்று தோன்றியிருக்கிறதே, அது தப்பில்லை. போனது என்ன என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வேறுபாடு.

ரோபக் ஸ்டேபிள்ஸ், எல்லோரும் 'பாப்ஸ்' என்பார்கள், 1914-இல் மிசிசிப்பியில் பிறந்தவர். வீட்டில் மொத்தம் 14 பிள்ளைகள். சியர்ஸ் ரோபக் என்ற தபால் வழி விற்பனைக் கடையின் பெயரைப் பிரித்து அண்ணனுக்கு சியர்ஸ், தம்பிக்கு ரோபக் என்று வைத்தார்கள். வளர்ந்தது ட்ரூ ஊருக்குப் பக்கத்தில் டாக்கரி என்ற பருத்தித் தோட்டத்தில். தென்மாநிலக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசை வரலாற்றில் பெரிய பெயரான சார்லி பேட்டன் அங்கே இருந்தவர். பையன் அவரைக் கேட்டுத்தான் கிட்டார் பழகினான். ஞாயிற்றுக்கிழமை ஆலயம், மற்ற நாளில் வயல், இடையில் ப்ளூஸ். அந்த விரல்களுக்கு எது பக்தி, எது உலகம் என்ற பிரிவு ஆரம்பத்திலிருந்தே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

1930-களின் நடுவில் மனைவி ஒசியோலாவோடும் பிள்ளைகளோடும் சிகாகோவுக்குப் போனார். இறைச்சிக்கூடம், இரும்பாலை என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஓர் ஆண்கள் காஸ்பெல் குழுவில் சேர்ந்து பாடினார், ஆனால் ஒத்திகைக்கு ஆட்கள் வருவதே இல்லை. ஒரு நாள் இவர் போனால் இரண்டு பேர், அடுத்த நாள் மூன்று பேர். வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்து, அடகுக் கடையில் ஏழு டாலருக்கு வாங்கிய கிட்டாரை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தார். கிளியோத்தா, பெர்விஸ், இவான், மேவிஸ். கிட்டாரில் ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, இது உனக்கு, இது உனக்கு என்று சுருதி பிரித்துக் கொடுத்தார். எங்கிருந்து பிரித்தார் என்பதுதான் முக்கியம். மிசிசிப்பியில் அவரும் அண்ணன் அக்காமாரும் வீட்டில் சேர்ந்து பாடியபோது யார் எந்தக் குரலில் பாடினார்களோ, அதை அப்படியே இந்தப் பிள்ளைகளுக்கு வைத்தார். அதனால்தான் 1950-களின் சிகாகோ காஸ்பெல் குழுக்களுக்கு நடுவில் இவர்கள் மட்டும் நாற்பது வருடம் பின்னாலிருந்து பாடுவது போல இருக்கிறார்கள்.

1948-இல் அத்தை ஒருத்தியின் ஆலயத்தில் முதல் தடவை பாடினார்கள். அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். சபையார் விடவில்லை, மறுபடி மறுபடி பாடச் சொன்னார்கள். கற்றிருந்ததோ ஒரே பாட்டு, அதையே மூன்று தடவை பாடினார்கள். வீட்டுக்குப் போய் இன்னும் சில பாட்டுக் கற்க வேண்டும் என்று பாப்ஸ் அன்றைக்கே முடிவு செய்தார்.

இப்போது காசுக்காகப் போனார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1953-இல் ஒரு சிகாகோ நிறுவனம் பதிவுக்கு எடுத்தது, ஆனால் மேவிஸின் குரலைக் கேட்டுவிட்டு உலகப் பாட்டுப் பாடச் சொல்லி நெருக்கியது. பாப்ஸ் மறுத்தார். ஒப்பந்தம் முடியும்வரை ஆலைச் சம்பளத்தில் ஓட்டிக்கொண்டு காத்திருந்தார். அப்புறம்தான் வீ-ஜே நிறுவனம், அங்கேதான் நீங்கள் கேட்ட 1956 பாட்டு. அது நன்றாக விற்ற பிறகும் மேவிஸ் 1957-இல் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை வார இறுதிகளில் மட்டும்தான் வெளியூர் போனார்கள். காஸ்பெல் பாடகர் சாம் குக் அதே வருடம் அதை விட்டுப் பாப் இசைக்குப் போய்ப் பெரும்புகழ் பெற்றார். ஸ்டேபிள்ஸ் குடும்பத்தையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. காசு குறி என்றால் அன்றைக்கே போயிருக்கலாமே!

திருப்பம் 1968-க்கு முன்பே வந்துவிட்டது, அதனால்தான் நேரடிக்கருத்து சொன்ன கோட்டை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு மாண்ட்கமரி நகரத்தில் தங்கியிருந்தபோது, கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவரும் போதகருமான மார்ட்டின் லூதர் கிங்கின் ஆராதனைக்குக் குடும்பத்தோடு போனார்கள். திரும்பி வந்ததும் பாப்ஸ் பிள்ளைகளைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, இந்த மனிதர் பிரசங்கிப்பதை நம்மால் பாட முடியும் என்றார். அங்கிருந்து பாட்டின் பொருள் மாறியது. வெள்ளையர் மட்டும் படித்த லிட்டில் ராக் பள்ளிக்கூடத்துக்குள் கறுப்பினப் பிள்ளைகள் ஒன்பது பேரை விடாமல் தடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த வருத்தத்தில் பாப்ஸ் எழுதிய 'ஒய் ஆம் ஐ ட்ரீட்டட் ஸோ பேட்' கிங்குக்குப் பிடித்த பாட்டு. கூட்டங்களில் என் பாட்டைப் பாடுவீர்களா என்று கேட்பாராம். 1965 மார்ச்சில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடைப் பயணம் நடந்தது. அடுத்த மாதமே சிகாகோவில் ஓர் ஆலயத்தில், சபை நடுவில், 'ஃப்ரீடம் ஹைவே'யைப் பாடிப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவைக் கேளுங்கள். கைதட்டலும் சபையாரின் குரலும் பாட்டோடு கலந்து வரும். அது அரசியல் பாட்டா, ஆராதனையா என்று பிரிக்க என்னால் முடியவில்லை, அங்கே உட்கார்ந்திருந்தவர்களாலும் முடிந்திருக்காது.

ஸ்டாக்ஸுக்கு வருவோம். அங்கே அவர்களைத் தூக்கி நிறுத்தியவர் நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவரான ஆல் பெல். அவர் மேவிஸின் குரலுக்கு ஏற்ற தாளக்குழுவைத் தேடி அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தவர்கள் திறமையான இளம் வெள்ளையர்கள், பேஸ் கிட்டாரில் டேவிட் ஹுட். பேஸ் முன்னால் வந்தது, டிரம் முன்னால் வந்தது. பாட்டின் பொருள்? 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' கேளுங்கள். முதல் பாதியை பாப்ஸ் பாடுகிறார், குரலை உயர்த்தாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புத்தி சொல்லும் பெரியவர் மாதிரி. ஆலயத்தில் ஒரு மூப்பர் இதையே சொன்னால் ஆமென் சொல்வோம். 'ஐ வில் டேக் யூ தேர்' என்ன சொல்கிறது? அழுகை இல்லாத, பொய் இல்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறது. ஆல் பெல் அதைத் தன் சகோதரன் கொல்லப்பட்ட துக்கத்தில், அடக்கம் முடிந்த கையோடு எழுதினார். 1956 பாட்டும் மேகமில்லாத அந்த இடத்தைப் பற்றித்தான்! பதினாறு வருட இடைவெளியில் ஒரே ஊரைப் பற்றி இரண்டு பாட்டு.

ஆனால் 'ஐ வில் டேக் யூ தேர்' நடுவில் ஓர் இடம் இருக்கிறது, ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். மேவிஸ் அப்பாவைக் கூப்பிடுகிறார், வாசியுங்கள் என்று. ஒரு கிட்டார் பதில் சொல்கிறது. வாசிப்பது அப்பா இல்லை! மஸில் ஷோல்ஸ் கலைஞர் எடி ஹின்டன். அருமையான வாசிப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் மகள் அப்பாவைக் கூப்பிட்டு வேறொருவர் பதில் சொல்கிற அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு இறுகும்.

'லெட்ஸ் டூ இட் அகெய்ன்' பற்றி நேரடிக்கருத்து சொன்னது சரி. பாப்ஸே முதலில் அதைப் பாட மறுத்தார், நான் ஆலயத்து ஆள் என்று. இசையமைத்த கர்டிஸ் மேஃபீல்ட் பேசிப் பேசி இசைய வைத்தார். அந்த ஒன்றை நீங்கள் உலகப் பாட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட மாட்டேன்.

பதில் – மூன்றாம்குரல்

பழையகிட்டார் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். எல்லோரும் மேவிஸையும் பாப்ஸையும்தான் பேசுகிறார்கள், அக்காமார் இரண்டு பேரை யாரும் சொல்வதில்லை. பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறவள் என்பதால் எனக்கு அதுதான் முதலில் காதில் விழும்.

கிளியோத்தா மூத்தவர். மேலே மெல்லிய குரலில் சுருதியைக் கொஞ்சம் வளைத்து இழுப்பார். பாப்ஸின் கிட்டார் அதிர்வது போலவே இருக்கும், சில இடங்களில் எது கம்பி எது குரல் என்று நான் குழம்பியிருக்கிறேன். இவானுக்கு மேடையில் நிற்கப் பெரிய ஆசை கிடையாது. அண்ணன் பெர்விஸ் ராணுவத்துக்குப் போனபோது அந்த இடத்தில் பாடினார், 1970 வாக்கில் பெர்விஸ் குழுவை விட்டு விலகியபோது மறுபடி வந்து நின்றார். குழுவின் கணக்கு வழக்கையும் அவர்தான் பார்த்தார். குழுவில் இப்படி ஒருவர் இல்லாவிட்டால் எந்தக் குடும்பமும் ஐம்பது வருடம் பாட முடியாது. நீங்கள் கேட்ட 1972 பாட்டில் பின்னால் வரும் குரல்கள் இந்த இரண்டு பேருடையவைதான்.

தாழ்ந்தசுருதிக்கு இன்னொன்று. 1969-இல் நியூயார்க் நகரத்து ஹார்லெமில் நடந்த இசை விழாவின் படப்பதிவு 2021-இல் வெளிவந்தது. அதில் காஸ்பெல் பாடகி மஹாலியா ஜாக்சன் மேடையில் நிற்கிறார். உடம்பு சரியில்லை. மேவிஸைப் பக்கத்தில் வரச் சொல்லி, எனக்குத் துணையாகப் பாடு என்கிறார். பாட்டு 'டேக் மை ஹேண்ட், ப்ரெஷஸ் லார்ட்', அதுவும் கிங்குக்கு மிகவும் பிடித்தது. கிங் கொல்லப்பட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மேவிஸ் தொடங்குகிறார், மஹாலியா வாங்குகிறார், அப்புறம் ஒரே மைக்கை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். மஹாலியா எந்த உலகப் பாட்டும் பாட மாட்டேன் என்று உறுதியாக நின்றவர். அவர் ஸ்டாக்ஸில் சேர்ந்து ஒரு வருடமான பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். உங்கள் மூத்தவரிடம் அந்தக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

தாழ்ந்தசுருதி

அக்கா, அந்தக் காட்சியைப் பார்த்தேன். இரண்டு பேரும் நெற்றி வேர்த்து, கண்ணை மூடிப் பாடுகிறார்கள். எழுத வார்த்தை வரவில்லை.

பழையகிட்டார் அண்ணா, அப்பா வாசிக்காத அந்த இடத்தையும் கேட்டேன். இத்தனை நாளும் அது பாப்ஸ் என்றே நினைத்திருந்தேன். அவருடைய கிட்டாரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ஸ்டாக்ஸுக்குப் பிறகு அது திரும்ப வந்ததா?

பதில் – பழையகிட்டார்

அடையாளம் எளிது. ட்ரெமலோ. ஒரு கம்பியைத் தட்டியதும் ஒலிபெருக்கி அந்த ஒலியின் அளவை நொடிக்குச் சில தடவை ஏற்றி இறக்கும். மற்றவர்கள் அதைச் சின்ன அலங்காரமாக வைப்பார்கள். பாப்ஸ் அதன் மேலேயே பாட்டைக் கட்டுவார். ஒரு சுரக்கோவையைத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிடுவார், அந்த நடுக்கம் தானாக அடங்கும்வரை அடுத்ததைத் தொட மாட்டார். பிள்ளைகள் அந்த இடைவெளிக்குள் நுழைந்து பாடுவார்கள். ஆலயத்தில் நானும் செய்து பார்த்தேன். கருவி கஷ்டமில்லை, காத்திருப்பதுதான் கஷ்டம். மூன்றாவது தட்டிலேயே என் கை இடத்தை நிரப்பப் போய்விடும்.

திரும்ப வந்ததா என்றால், வந்தது. ஸ்டாக்ஸ் 1975 கடைசியில் திவாலானது. அடுத்த சில வருடம் குடும்பத்துக்குச் சரியான வாய்ப்பில்லை. பாப்ஸ் முதுமையில் தனியாகப் பதிவு செய்யத் தொடங்கினார், 1994-இல் வந்த தொகுப்புக்கு கிராமி கிடைத்தது, எண்பது வயதில். 1999-இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் குடும்பத்தைச் சேர்த்தார்கள். அந்த வாக்கில் இன்னொரு தொகுப்புக்கு வேலை செய்துகொண்டிருந்தார். 2000 டிசம்பரில் போய்விட்டார், 86-வது பிறந்த நாளுக்குச் சில நாள் முன்பு. முடியாத அந்தப் பதிவை மகள் மேவிஸிடம் கொடுத்து, இதைத் தொலைத்துவிடாதே என்று சொல்லியிருந்தார்.

மேவிஸ் அதைப் பல வருடம் வைத்திருந்தார். பிறகு ராக் இசைக் கலைஞர் ஜெஃப் ட்வீடியிடம் கொண்டுபோனார். அவர், அந்தப் பதிவின் மேல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்த மற்ற வாத்தியங்களை அகற்றி, பாப்ஸின் குரலையும் கிட்டாரையும் வெளியே கொண்டுவந்தார். 2015-இல் வெளியானது, தலைப்பே 'டோன்ட் லூஸ் திஸ்'. அதற்குள் கிளியோத்தா 2013-இல் மறைந்துவிட்டார். இவான் 2018-இல், பெர்விஸ் 2021-இல். இப்போது மேவிஸ் மட்டும்.

கேட்கும் வரிசை கேட்டிருந்தீர்கள். 1956-இலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், அதை ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். 1965 ஆலயப் பதிவை முழுசாகக் கேளுங்கள். அப்புறம் 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்'. அப்புறம் இந்த 2015 தொகுப்பு, அறையில் வேறு சத்தம் இல்லாதபோது. அதில் முதல் பாட்டிலேயே அந்த நடுங்கும் கிட்டார் வரும். அங்கே பதில் சொல்வது அப்பாதான்.